வண்டி வரும் மணியிலிருந்து தொடங்குங்கள்: திருகோணமலை ஒழுங்கைகளுக்கு ஒரு குப்பை வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு முன்பாகத் திருகோணமலை நகரத்தின் உள்வீதிகளில் நடப்பவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த புள்ளிமான் ஒன்று, மதிலோரம் கட்டிவைக்கப்பட்ட ஷொப்பிங் பையை முகர்ந்து, வாயால் இழுத்துக் கிழித்து, உள்ளே வாழைப்பழத் தோலைத் தேடுகிறது. தோல் அகப்படும்போது பையின் ஒரு துண்டும் அதனோடு சேர்ந்து உள்ளே போகிறது. மான் போனபின் காகமும் நாயும் வருகின்றன. ஏழு மணிக்குப் பார்த்தால் மீன் செதிலும் தேயிலைச் சக்கையும் குழந்தையின் பம்பஸும் கான்வரை இழுபட்டுக் கிடக்கின்றன. பையை வைத்தவரைப் பொறுப்பற்றவர் என்று ஏசிவிடுவது எளிது. அவரைக் கேட்டால், வண்டி எப்போது வருமென்று தனக்குத் தெரியாது, விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவதால் இரவே வைத்துவிட்டேன் என்று சொல்வார். அது நியாயமான பதில்தான்.

லொறி போதாது, தொட்டி போதாது, சனங்களுக்கு அக்கறை இல்லை என்ற மூன்று முறைப்பாடுகளோடுதான் குப்பை பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எங்கள் ஒழுங்கையில் இந்த வேலையில் இறங்கியபோது நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்; அயலவர்களிடம் பணம் சேர்த்து ஒரு பெரிய பரலை வாங்கிச் சந்தியில் வைத்தோம். பத்து நாட்களுக்குள் அது மூன்று வீதிகளின் குப்பைமேடாகிவிட்டது. பரலுக்குள் இருந்ததைவிட அதைச் சுற்றிக் கிடந்தது அதிகம். தொட்டி என்பது எந்த நேரமும் கொட்டலாம் என்ற அனுமதி என்பதை அன்றுதான் புரிந்துகொண்டு, பரலை அகற்றிவிட்டு, வண்டி வரும் நாளையும் மணியையும் நிலைப்படுத்துவதில் கவனத்தைத் திருப்பினோம். முப்பது நாற்பது வீடுகள் கொண்ட ஒரு ஒழுங்கை இதனை எவ்வாறு செய்யலாம் என்பதையே கீழே எழுதுகிறேன். நகரம் முழுவதையும் ஒரேயடியாகத் திருத்தும் திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள்

எவரிடமும் போய்ப் பேசுவதற்கு முன்பு, உங்கள் ஒழுங்கையில் எவ்வளவு குப்பை சேருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து வீடுகளைத் தெரிவுசெய்து, மீன் வியாபாரிகள் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி, தொடர்ந்து ஏழு நாட்கள் நிறுத்துக் கொப்பியில் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடக் கூடாது. மீன், இறைச்சிக் கழிவு அன்றுதான் அதிகம். உக்குவது, விற்கக்கூடியது, இரண்டிலும் அடங்காதது என மூன்று நிரல்கள் போதும். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு கிலோ சேருவதாக வைத்துக்கொண்டால், நாற்பது வீடுகளில் எண்பது கிலோ. அதில் பாதிக்கு மேற்பட்டது சமையலறையிலிருந்தும் வளவிலிருந்தும் வரும் ஈரக் குப்பையாகவே இருக்கும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவர் செவிகொடுத்துக் கேட்பார் என்பது என் அனுபவம். வெறுமனே நாற்றம் தாங்க முடியவில்லை என்று சொல்லும் கடிதங்கள் எல்லா அலுவலகங்களிலும் கோப்புக் கோப்பாகக் கிடக்கின்றன.

நாளும் மணியும்

உங்கள் வீதி நகரத்துச் சபைக்கு உரியதா, பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கு உரியதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். எல்லையோரத்தில் குடியிருப்பவர்கள் இதில் தடுமாறித் தவறான அலுவலகத்துக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பதுண்டு. சோலைவரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும், நகர, மாநகர சபைகளுக்கான கட்டளைச் சட்டங்களும், வீதிக் குப்பையையும் வீட்டுக் கழிவையும் அகற்றுவது அந்தந்தச் சபையின் கடமை என்றும், சேகரிக்கப்பட்ட குப்பை சபையின் உடைமை என்றும் வகுத்துள்ளன. ஆகவே நீங்கள் சலுகை எதையும் கேட்கவில்லை. சட்டத்தில் உள்ள கடமையை எந்த நாளில், எத்தனை மணிக்குச் செய்வது என்று பேசப்போகிறீர்கள், அவ்வளவுதான்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. வீடுகளின் எண்ணிக்கை, நிறுத்த கணக்கு, வண்டி திரும்ப முடியாத இடங்களைக் காட்டும் கையால் வரைந்த வரைபடம், உங்களுக்கு ஏற்ற இரண்டு நாட்கள், ஒரு மணி நேர இடைவெளி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதிலுக்கு நீங்கள் செய்யப்போவது என்ன என்பதையும் எழுதுங்கள். ஈரக் குப்பையும் உலர்ந்த குப்பையும் பிரிந்தே வரும், குறித்த மணிக்கு முன் எதுவும் வீதிக்கு வராது என்ற இரண்டு வாக்குறுதிகள் போதும். கடிதத்தின் பிரதிகளை வட்டார உறுப்பினருக்கும் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுங்கள். இவர்கள் எல்லோரையும்விட முக்கியமானவர் வண்டிகளுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் மேற்பார்வையாளர். எந்த உழவு இயந்திரம் பழுது, எந்த வீதி நேரத்தை விழுங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். காலை வேளையில் வேலைத்தளத்துக்கே போய் அவரைச் சந்திப்பது, மாதமொரு முறை நடக்கும் கூட்டத்துக்குக் காத்திருப்பதைவிடப் பலன் தரும்.

உங்கள் பகுதிக்கான வண்டிப் பாதை, கிழமை அட்டவணை, சேவையில் உள்ள வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவை கிடைக்கவில்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். இதனைச் சண்டைக்கான ஆயுதமாக எடுக்காமல், அட்டவணை என்று ஒன்று எழுத்தில் இருக்கும்படி செய்வதற்கான வழியாகப் பயன்படுத்துவது நல்லது. தாளில் இல்லாத நேரத்தை எவரும் மீற முடியாது அல்லவா?

நாளும் மணியும் கிடைத்தபின், அதனை ஒவ்வொரு வீட்டுக் கேற்றின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். வேலைக்குச் செல்பவர்களின் வீட்டுக் குப்பையை அயல்வீட்டார் ஒருவர் எடுத்து வைக்கும்படி இருவர் இருவராக ஒழுங்குசெய்யுங்கள். வண்டி வராத நாளில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும். எங்கள் ஏற்பாட்டில், குறித்த நேரம் கடந்து ஒரு மணித்தியாலமாகியும் வண்டி வராவிட்டால் பைகள் எல்லாம் வீட்டுக்குள் திரும்பும். பொறுப்பானவர் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கொப்பியில் திகதியை எழுதுவார். பையைத் திரும்ப உள்ளே எடுப்பதற்குத்தான் சனங்கள் அதிகம் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த ஒரு விதி தளர்ந்த வாரங்களில்தான் மான்களும் நாய்களும் திரும்பி வந்தன.

ஈரக் குப்பை

உலர்ந்த குப்பை ஒரு மாதம் கிடந்தாலும் எவருக்கும் தொல்லையில்லை. வண்டியை அவசரப்படுத்துவது ஈரக் குப்பை மட்டுமே. நாறுவதும் புழு வைப்பதும் அதுதான். கடதாசியையும் மட்டையையும் ஊறவைத்து விலையில்லாமல் ஆக்குவதும் அதுதான். கொண்டுபோய்க் கொட்டும் இடத்தில் காற்றுப் புகாமல் புதைந்து மீதேன் வாயுவை உண்டாக்குவதும், பிளாஸ்டிக்கோடும் உலோகத்தோடும் ஊறிக் கருநீராக நிலத்தில் இறங்குவதும் அதனாலேயே. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் உயிரிழந்ததையும், அம்பாறைப் பள்ளக்காட்டில் யானைகள் குப்பைமேட்டின் பொலித்தீனை உணவோடு விழுங்கி மடிந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். உணவுக் கழிவும் பொலித்தீனும் ஒரே பையில் போகாதிருந்தால், யானைக்கு அங்கே என்ன வேலை?

வளவு உள்ள வீடுகள் ஈரக் குப்பையின் பெரும்பகுதியை வீட்டிலேயே சேதனப் பசளையாக்கிவிடலாம். அடிப்பக்கம் வெட்டிய, பக்கங்களில் விரலளவு துளைகள் இட்ட பழைய பிளாஸ்டிக் பரல் ஒன்றை நிழலில் நிறுத்துங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த குச்சிகளும் சருகும் போட்டு, அதன்மேல் மரக்கறிக் கழிவு, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, பழத்தோல் ஆகியவற்றைப் போடும் ஒவ்வொரு தடவையும், அதைப் போல இரு மடங்கு சருகால் மூடுங்கள். நகரத்தில் வேம்பு, மா, பலா உள்ள வளவுகளில் சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எரிக்கப்படும் அந்தச் சருகுதான் இந்த வேலையின் பாதி முதல். ஒரு சாக்கு நிறையச் சருகைப் பரலுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே மூட மறந்துவிடுவீர்கள். வாரத்துக்கு ஒருமுறை நீண்ட தடியால் கிளறிவிடுங்கள். சரியாக நடந்தால், நடுவில் கை வைத்துத் தாங்க முடியாத அளவு, ஏறத்தாழ 55 பாகை வரை சூடேறும். இரண்டு மூன்று மாதங்களில் மழை பெய்த மண்ணின் வாசமுள்ள கறுத்த பசளை கிடைக்கும்.

ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடியை எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு துளி மட்டும் சொட்டினால் போதும். நீராக ஒழுகி அழுகல் நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை, காற்றும் புகவில்லை என்று பொருள். மூக்கை அரிக்கும் அமோனியா வாடை வந்தாலும் சருகையே சேருங்கள். நாட்கணக்கில் எதுவும் நடக்காமல் காய்ந்து கிடந்தால் அரிசி கழுவிய நீரைத் தெளியுங்கள். வெட்டாத இளநீர்க் கோம்பையையும் முழுத் தேங்காய் மட்டையையும் போட வேண்டாம், அவை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

கடலோர நகரத்தில் மீன் கழிவுதான் உண்மையான சோதனை. பரலுக்குள் போட்டால் அன்றிரவே பூனைகளின் மாநாடு கூடிவிடும். மணற்பாங்கான வளவில் ஒன்றரை அடி ஆழத்தில் வாழை அல்லது தென்னையின் அடியில் புதைத்து, மண் மூடி, மேலே ஒரு கல்லை வைப்பது பழைய முறை; சிறிய அளவுக்கு அது இன்றும் நல்ல முறைதான். ஆனால் நமது கரையோர மணல் நீரை வடிகட்டித் தடுக்காது. ஆழமற்ற கிணறுகளில் குடிநீர் எடுக்கும் வீடுகள், மலக்குழிக்கு விடும் இடைவெளியையேனும் கிணற்றுக்கும் இந்தக் குழிக்கும் இடையே விட வேண்டும். உவர்மலைப் பக்கத்தில் பாறை மேலேயே இருப்பதால் குழி தோண்டுவது நடவாத காரியம். அவ்வாறான வீடுகளும் வளவில்லாத வாடகை வீடுகளும், மீன் கழிவைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் ஒரு மூலையில் வைத்து, வண்டி வரும் காலையில் மட்டும் ஈரக் குப்பை வாளிக்கு மாற்றலாம். கேட்கும்போது முகம் சுளிப்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்த்தபின் விடுவதில்லை.

விற்கக்கூடியதும் விற்க முடியாததும்

சேகரிப்புக்கு நாட்டில் நிறங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன: உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கும் சிரட்டைக்கும் மண்ணிறம். ஐந்து நிறத்தில் ஐந்து தொட்டி வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்தால் எந்த வீடும் தொடங்காது. சமையலறையில் ஒரு மூடிய வாளியும், பின்வாசலில் ஆணியில் தொங்கும் இரண்டு யூரியாப் பைகளும் ஆரம்பத்துக்குப் போதுமானவை. நிறம் பிரிப்பதை ஒழுங்கைக்கு ஒருவரின் வளவில் மாதமொரு முறை சேர்ந்து செய்துகொள்ளலாம்.

தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல், ஷாம்பூப் போத்தல் போன்றவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் 1 அல்லது 2 என்ற எண் இருந்தால் வாங்குவோர் உண்டு. மட்டை, பத்திரிகை, பால்மாத் தகரம், அலுமினியம், பழைய இரும்பு ஆகியவற்றுக்கும் விலையுண்டு. கண்ணாடிக்கு விலை குறைவு, பாரம் அதிகம். ஆனாலும் உடையாமல் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். போத்தல்களைக் கழுவ நல்ல நீரைச் செலவழிக்க வேண்டியதில்லை, பாத்திரம் கழுவிய நீரில் ஒருமுறை குலுக்கி ஊற்றிவிட்டு, நசுக்கி, மூடியைத் தனியே போடுங்கள். தனி வீடொன்றின் இரண்டு கிலோவுக்காக எவரும் வரமாட்டார். நாற்பது வீடுகளின் ஒரு மாதச் சேகரிப்புக்குச் சிறு லொறியே வாசலுக்கு வரும். வரும் பணம் பெரிதாக இராது. அதில் இலாபம் காட்டி ஆட்களைச் சேர்த்தால், விலை விழும் மாதத்தில் அவர்கள் விலகிப்போவார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்தப் பணத்தில் வண்டித் தொழிலாளர்களுக்குத் தடித்த கையுறைகள் வாங்கிக் கொடுத்தோம்.

பிஸ்கட் உறை, மிக்ஸர் பை, சஷே போன்ற பல படலங்கள் ஒட்டிய உறைகளை வாங்குவோர் இல்லை. இவற்றைக் குறைக்கும் வழி வாங்கும் இடத்தில்தான் இருக்கிறது. பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதலும், உணவும் மருந்தும் அல்லாத சிறு சஷேக்கள் 2021 மார்ச் 31 முதலும், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, உறிஞ்சுகுழல் போன்றவை 2023 ஒக்டோபர் முதலும் தடைசெய்யப்பட்டவை. கடைகளில் ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுப்பதும் 2025 நவம்பர் முதல் நிறுத்தப்பட்டுள்ளது. மீன் வாங்கப் பனையோலை உமலோடு போன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது, கேட்டால் பின்னியும் தருவார்கள்.

எரிப்பது மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கொல்லையில் எரிக்கும்போது எழும் புகையில் டயொக்சின் போன்ற நச்சுகள் உண்டு. அந்தப் புகை போவது பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்குத்தான்.

உடைந்த கண்ணாடியை மட்டையில் சுற்றி மேலே எழுதிக் கையில் கொடுங்கள். இன்சுலின் ஊசிகளை மூடியுள்ள தடித்த போத்தலில் சேர்த்து, கிளினிக் செல்லும்போது அங்கே ஏற்பார்களா என்று கேளுங்கள். பம்பஸைச் சுருட்டித் தனிப்பையில் கட்டுங்கள். வெறுங்கையால் நமது பையைப் பிரிப்பவர் ஒரு மனிதர்.

சந்தி மூலைக் குவியல்

ஏற்கெனவே குவியல் உள்ள மூலையை, வண்டி நேரம் நிலைப்பட்டபின் மட்டுமே துப்புரவு செய்யுங்கள்; முன்னதாகச் செய்தால் மறுவாரமே பழைய நிலை. நாற்றம் ஊறிய மேல்மண்ணையும் சுரண்டி அகற்றி, புதுமண் போட்டு, அன்றே ஏதேனும் நட்டுவிட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு, அதிகாலை ஐந்து முதல் ஏழு வரையும், இரவு எட்டு முதல் பத்து வரையும், மாறி மாறி ஒருவர் கதிரை போட்டு அங்கே இருக்கட்டும். எங்கள் மூலையில் போட்டவர்களில் பெரும்பாலானோர் ஒழுங்கைக்காரர் அல்லர். மோட்டார் சைக்கிள் கைபிடியில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் வழியில் வீசியவர்கள். அவர்களோடு வாய்ச்சண்டை பிடிக்காமல், எந்த ஒழுங்கை, அங்கே வண்டி எப்போது வருகிறது என்று மட்டும் கேட்டோம். அநேகருடைய பதில், தங்கள் ஒழுங்கைக்குள் வண்டி நுழையாது என்பதே. அத்தகைய இடங்களுக்குக் கைவண்டி ஒன்றும், வீதி முகப்பில் வண்டி வரும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அதைச் சந்திக்கும் இடமும் தேவை. இந்த விபரத்தை எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தது, நாங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களையும்விடப் பயன்பட்டது.

மதிலில் சுவாமிப் படம் ஒட்டுவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே உள்ள ஊரில், ஒருவருடைய வணக்கத்துக்குரிய படத்தைக் குப்பைக்குக் காவல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடற்கரையும் கோயில் வீதியும்

டச்சு விரிகுடாக் கடற்கரையில் மாலையில் கூடும் கூட்டத்தின் கழிவு மூன்று நான்கு பொருட்களுக்குள் அடங்கும்: கச்சான் சுற்றிய தாள், ஐஸ்கிரீம் கோப்பை, தண்ணீர்ப் போத்தல், வடைப் பை. வியாபாரிகள் ஒவ்வொருவரும் தம் தள்ளுவண்டியில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு, போகும்போது எடுத்துச் சென்றால் காலையில் பெருக்குவதற்கு அதிகம் இராது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையில் கிடக்கும் பை கடலுக்குத்தான் பறக்கும்; நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவுப் பவளப்பாறைகள் இருக்கின்றன. உப்புவெளி விடுதிகள் தனியார் வண்டிக்குக் கொடுப்பதாயின், அது எங்கே கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

திருவிழா அன்னதானத்துக்கு வாழையிலை வந்தாலே பாதி வேலை முடிந்தது. தாகசாந்திப் பந்தலில் எவர்சில்வர் குவளைகளையும் கழுவுவதற்கு இருவரையும் வைத்தால் மீதியும் முடியும். இலைகளைச் சேர்க்க ஒரு உழவு இயந்திரப் பெட்டியை முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள், பந்தி எழுந்தபின் ஓடித் திரிவதில் பயனில்லை.

மாரிக்கு முன்

ஒக்டோபர் பிறந்ததும் மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. சேதனப் பசளைப் பரலின் மேல் தகரத்துண்டு ஒன்றைச் சரிவாக வைத்துக் கட்டுங்கள்; திறந்து கிடந்தால் ஒரே மழையில் சோறு வடித்த பானைபோல் ஆகிவிடும். மூன்று மாதத்துக்குப் போதுமான சருகைக் காய்ந்த நிலையிலேயே சாக்குகளில் கட்டி மழை படாத இடத்தில் அடுக்குங்கள். வளவில் கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை, டயர், கோம்பை எல்லாவற்றையும் பொறுக்கிக் கவிழ்த்துவையுங்கள். 2017இல் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. அவ்வருடத்தின் முதல் மாதங்களில் குடாவுக்கு அப்பால் கிண்ணியா பட்ட பாடு இவ்வூரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். மழை நாட்களில் வண்டி பிந்துவது வழக்கம் என்பதால், ஈர வாளிக்கு இறுக்கமான மூடியும், பிந்தினால் யாருக்கு யார் சொல்வது என்ற தொலைபேசி வரிசையும் முன்பே தயாராக இருக்கட்டும். டிசெம்பரில் வாடகை வீடுகள் கைமாறும்போது, புதிதாக வருபவரிடம் கேற்றுத் திறப்போடு சேர்த்து வண்டி வரும் நாளையும் மணியையும் எழுதிய தாளையும் கொடுங்கள்.